பேரம் பேசாத கத்திக்காரர்

அந்தக் கத்தியைத் தொட வேண்டாம் தம்பி. கோபித்துக்கொள்ளாதீங்க. ஃபோட்டோ எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கோங்க, தொட மட்டும் வேண்டாம். என் வீட்டுக்காரி கோட்டூருக்கு இளநீர்க் காய் எடுக்கப் போயிருக்கிறாள். திரும்பி வந்து பார்த்தால், பிடியில் வேறு கை பட்டதை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவாள். அப்புறம் நான்தான் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

உட்காருங்க. உங்கள் பஸ் கிளம்ப இன்னும் அரை மணி நேரம் ஆகும். பஞ்சரான டயரைக் கழற்றிவிட்டார்கள், ஸ்டெப்னியிலும் காற்று இல்லையாம். டிரைவர் யாருக்கோ ஃபோன் போட்டுத் திட்டிக்கொண்டிருக்கிறார். திட்டுகிறவர் திட்டட்டும், நாம் ஒரு இளநீர் குடிப்போம். நான் வெட்டினால் நாலு வெட்டு ஆகும், ராமாத்தா வெட்டினால் ஒன்றே ஒன்று. ராமாத்தா என்றால் என் வீட்டுக்காரி, இந்த இளநீர்க் கடை அவளுடையது. யார் வெட்டினாலும் உள்ளே இருக்கிற தண்ணீர் ஒன்றுதான், பயப்படாதீங்க.

"இளநீர் வெட்ட எதுக்குங்க இப்படி ஒரு கத்தி?" என்று கேட்டீங்க. நல்ல கேள்வி. இரண்டு வருஷமாக நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

என் பேர் திருமூர்த்தி. பொள்ளாச்சியில் போய் பழைய சாமான் கடைத் திருமூர்த்தி என்று கேட்டால் வழி காட்டுவார்கள். சண்டைக்காரத் திருமூர்த்தி என்று கேட்டால் கூடவே வந்து விட்டுவிட்டுப் போவார்கள். படிப்பு அஞ்சாவது வரைக்கும்தான். மிச்சமெல்லாம் அடி வாங்கிப் படித்தது. பித்தளை என்று சொல்லி ஒருத்தன் முலாம் பூசின இரும்பை என் தலையில் கட்டினான், அது ஒரு பாடம். தராசுத் தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டி ஒருத்தன் எடை போட்டான், அது ஒரு பாடம். அவன் மண்டையை அதே தராசால் நான் உடைத்தேன். அது அவனுக்குப் பாடம்.

யாவாரம் என்றால் என்ன, சொல்லுங்க? நீங்கள் நூறு சொல்ல வேண்டும். நான் முப்பது என்று கேட்க வேண்டும். நீங்கள் என்னைப் பார்த்து, காலங்காத்தால வந்துட்டான் பாரு என்று திட்ட வேண்டும். நான் உங்கள் சாமானைத் திட்ட வேண்டும். நீங்கள் அதைப் பையில் போட்டுக்கொண்டு போகிற மாதிரிப் போக வேண்டும், நான் கூப்பிடாமல் எதிர்ச் சுவரைப் பார்க்க வேண்டும். நீங்கள் திரும்பி வர வேண்டும். நாற்பத்தைந்தில் முடிய வேண்டும். முடிந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து டீ குடிக்க வேண்டும். இதுதானே மனுஷத்தனம்? இந்தப் பேச்சு எதுவும் இல்லாமல் காசு கை மாறினால் அது பிச்சை, இல்லாவிட்டால் திருட்டு.

இப்படியே முப்பது வருஷம் நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது. கத்தியில் வந்து மாட்டினேன்.

வால்பாறையில் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி பண்ணினார்கள். கட்டில், கடிகாரம், இரும்புச் சாமான் எல்லாவற்றையும் மொத்தமாகப் பேசி எடுத்துக்கொண்டு வந்தேன். அதில் துருப்பிடித்த மடக்குக் கத்தி ஒன்று கிடந்தது. எங்கள் ஊர்ப் பல் டாக்டர் கடைக்கு வந்தவர் அதைப் பார்த்துவிட்டு விலை கேட்டார். நானூறு என்றேன். இருநூறு என்றார். ஏனுங்க, பல்லு பிடுங்கறப்ப நீங்க பாதி விலைக்கா பிடுங்கறீங்க என்றேன். முந்நூறில் முடிந்தது. தங்கமான மனுஷன். ஒரு மாதம் கழித்து அவரே வந்து, அதை ஒருத்தருக்கு எட்டாயிரத்துக்குக் கொடுத்ததாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். பக்கத்துக் கடைக்காரர் ஓடி வந்து என் கையைப் பிடித்தார்.

அதற்கப்புறம்தான் தெரிந்தது, கத்திப் பைத்தியம் என்று ஒரு ஜாதி இருக்கிறது. எல்லாம் பணக்காரர்கள். கோயமுத்தூரில் ஒரு நகைக்கடைக்காரர், கத்தி வைக்கிற அறைக்கு ஏசி போட்டிருக்கிறார். அவருடைய மாமியார் படுத்திருக்கிற அறையில் ஃபேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி முதலாளி, வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டுதான் கத்தியைத் தூக்குவார், கல்யாண மேடையில் பெண்ணின் கையைப் பிடிக்கிற மாதிரி. ஒருத்தர்கூட எதையும் வெட்டியது இல்லை தம்பி. ஒரு வெங்காயம், ஒரு எலுமிச்சை, ஒன்றும் கிடையாது.

இவர்களுக்கெல்லாம் தலைவர் ஜெயகோபால் சார். மில் வைத்திருக்கிறார். அறுபது வயது இருக்கும். அவருடைய கார் ஹாரன் அடிக்காது, அவரும் அப்படித்தான். ஒரு தடவை அவருடைய வீட்டுக்குப் போனேன். ஒரு ஹால் முழுக்கக் கண்ணாடிப் பெட்டி, நூற்று நாற்பது கத்தி. எனக்கு டீ வந்தது, பிஸ்கட் பாக்கெட் வந்தது. பாக்கெட் பிரிய மாட்டேன் என்றது. நூற்று நாற்பது கத்திக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, அந்த மனுஷன் பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பிரித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், என் கண்ணால் பார்த்தேன்.

அது போகட்டும். என் கோபம் அதற்கில்லை.

முதல் தடவை என் கடைக்கு வந்தபோது ஒரு கத்தியை எடுத்தார். மான்கொம்புப் பிடி. நான் முந்நூறுக்கு வாங்கினது. வெள்ளையும் சள்ளையுமாக வந்திருக்கிறாரே என்று பன்னிரண்டாயிரம் என்றேன். அவர் நாலாயிரம் என்பார், நான் குதிப்பேன், அவர் காருக்குப் போவார், ஆறாயிரத்தில் நிற்பேன். எல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துத் தயாராக நின்றேன். வேட்டியை மடித்துக்கூடக் கட்டிவிட்டேன்.

அவர் கத்தியைத் திருப்பிப் பார்த்தார். "சரிங்க" என்றார். பணத்தை வைத்தார். போய்விட்டார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்க. மாடிப்படி இன்னும் ஒன்று இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்தால் வெறும் தரை வருமே, அப்படி இருந்தது. கையில் பன்னிரண்டாயிரம் இருக்கிறது, வாயில் சொல்லாத திட்டு அத்தனையும் அப்படியே இருக்கிறது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அடுத்த தடவை நாற்பதாயிரம் என்றேன். வேண்டுமென்றே. எந்த மனுஷனுக்கும் ரோஷம் வருகிற விலை. "சரிங்க."

மூன்றாவது தடவை ஒன்றரை லட்சம். வெள்ளிப் பிடி போட்ட குத்துவாள். ஒரு ஜமீன்தார் பட்டாபிஷேகத்துக்கு இடுப்பில் செருகியிருந்தது என்று கதையும் சொன்னேன். எந்த ஜமீன், எந்த வருஷம் என்று குறுக்கே கேட்பார், நான் பதில் சொல்லிச் சமாளிப்பேன், இரண்டு பேரும் கத்துவோம் என்று ஆசையாக இருந்தேன். கதையை முழுக்கக் கேட்டார், பொறுமையாக. "சரிங்க."

அந்தச் சரிங்கவைக் கேட்டுக் கேட்டு எனக்கு ரத்தக் கொதிப்பே வந்துவிட்டது. மாத்திரை சாப்பிடுகிறேன். என்னை ஒரு ஆளாக மதித்தால் இருநூறு ரூபாயாவது குறைத்துக் கேட்க மாட்டாரா? சாகிறதுக்குள் அவரை ஒரே ஒரு தடவையாவது பேரம் பேச வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறியே வந்துவிட்டது.

ராமாத்தாவிடம் சொன்னேன். அவள் காய் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங் மாமா, ஒரு பேச்சும் பேசாமயா குடுத்தாரு?"

"ஒரு பேச்சும் பேசலை புள்ள. ஏமாளி."

"அப்ப ஏமாளி அவரு இல்லீங்."

பாருங்க பேச்சை! இளநீர் வெட்டுகிறவளுக்குப் பழைய சாமான் யாவாரம் என்ன தெரியும்? நான் விடவில்லை. ஜெயகோபால் சார் வீட்டில் ஒரு வெளிநாட்டுப் படப் புத்தகம் பார்த்திருக்கிறேன். முழுக்கக் கத்திப் படம், பக்கத்திலேயே விலை. நான் நாற்பதாயிரத்துக்குக் கொடுத்தேனே, அச்சு அசலாக அதே கத்தி அதில் இருந்தது. எவ்வளவு போட்டிருந்தது தெரியுமா? நாலாயிரத்து எண்ணூறு! அதை எட்டு மடங்குக்கு விற்றவன் நான் என்று அவளிடம் சொன்னேன்.

"நாலாயிரத்து எண்ணூறுன்னா, ரூவாயிங்களா?"

"பின்னே என்ன? எண்ணுக்கு முன்னால கொக்கி மாதிரி ஒரு எழுத்து, நடுவுல ஒரு கோடு. ரூபாயைத்தான் அவங்க ஊருல அப்படி எழுதுவாங்களாட்ட இருக்கு."

அவள் மறுபடி காய் அடுக்கப் போனாள். வாயடைத்துப் போய்விட்டாள்.

இப்போது இவளுடைய கத்திக்கு வருகிறேன். அந்த எஸ்டேட் சாமான் வந்து இறங்கிய அன்றைக்குத்தான் இவளுடைய அரிவாள் பிடி கழன்று போனது. குவியலில் கிடந்த ஒரு வளைந்த கத்தியை எடுத்து ஒரு காயில் போட்டுப் பார்த்தாள். நேபாளத்துப் பட்டாளத்தார் வைத்திருப்பார்களே, குக்ரி, அந்த மாதிரி. நன்றாக வெட்டியது, அப்படியே வைத்துக்கொண்டாள். நானும் பழைய இரும்புதானே என்று விட்டுவிட்டேன். அரிவாளால் வெட்டின காலத்தில் அவளுக்கு மணிக்கட்டு இத்தனை பெரிசு வீங்கிக்கொள்ளும், சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிடுவாள். இந்த வளைந்த கத்தி வந்ததிலிருந்து வீக்கம் இல்லை. பன்னிரண்டு வருஷம் அதில்தான் வெட்டினாள். ஒரு நாளைக்கு இருநூறு காய், சனி ஞாயிறு என்றால் நானூறு.

ஒரு நாள் ஜெயகோபால் சார் என்னைத் தேடிக்கொண்டு இங்கே வந்தார். நான் கடையைப் பூட்டிவிட்டு இந்த ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தேன். ராமாத்தா ஒரு காயை எடுத்து ஒரு வெட்டு. கார்க் கதவைத் திறந்து இறங்கின மனுஷன், ஒரு காலைக் கீழே வைத்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

"அம்மா, அதை ஒரு நிமிஷம் காட்டறீங்களா?"

அவள் கத்தியைக் கையில் கொடுக்கவில்லை. காய்க் குவியல் மேல் வைத்தாள். எங்கள் பக்கம் கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டோம், சண்டை வந்துவிடும். அவர் எடுத்து, பிடிக்குப் பக்கத்தில் கட்டைவிரலால் தேய்த்தார். சின்னதாக ஒரு முத்திரை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். ஒரே பட்டாளத்துக்காக ஒரே பட்டறையில் அடித்த கத்திகளாம், மொத்தம் நாலு. மூன்று அவருடைய கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறதாம். நாலாவதைப் பதினாலு வருஷமாகத் தேடுகிறாராம்.

"என்ன விலைங்கம்மா?"

"முப்பத்தஞ்சுங்க."

"இல்லைங்கம்மா, கத்தி."

"கத்தி விக்கறதில்லீங்க."

"ரெண்டு லட்சம் தர்றேன்."

நான் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டேன். ராமாத்தா அடுத்த காயை எடுத்துக்கொண்டே, "அப்ப நாளைக்கு எதுல வெட்டறதுங்க?" என்றாள்.

நாளைக்கு எதில் வெட்டுவது! இரண்டு லட்சத்துக்கு இந்த ரோட்டில் போகிற காரையெல்லாம் நிறுத்தி வெட்டலாமே! நான் கத்தினேன். ரோட்டில் போன ஆட்டுக்காரன் நின்று வேடிக்கை பார்த்தான். அவள், "நீங்க சும்மா இருங்க மாமா, கஸ்டமர் நிக்கறாங்க" என்றாள். அவ்வளவுதான்.

வீட்டில் மூன்று நாள் பேச்சு இல்லை. நாலாம் நாள் நான்தான் ஆரம்பித்தேன். புள்ள, மணிக்கட்டு வலிக்கு மருந்து ஐம்பது ரூபாய். கத்தி இரண்டு லட்சம். கணக்குப் போட்டுப் பார் என்றேன். அவள் என் கையைப் பிடித்து, அவளுடைய மணிக்கட்டின் மேல் வைத்தாள். எதற்கு என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் புரியவில்லை. நான் கணக்கைத்தான் திரும்பவும் சொன்னேன்.

அவர் மறுபடி வந்தார். இரண்டரை. மறுபடி வந்தார். மூன்று. என்னிடம் சரிங்க சரிங்க என்று மாடு தலையாட்டுகிற மாதிரி ஆட்டின மனுஷன், இவள் எதிரில் நின்று, "அம்மா கொஞ்சம் யோசிங்கம்மா" என்று கெஞ்சுகிறார். எனக்கு வயிறு எரிந்தது. மூன்று லட்சம் போகிறதே என்பது பாதி. என்னிடம் ஒரு நாளாவது இப்படி நின்றாரா என்பது மீதி.

கடைசியில் ராமாத்தா சொன்னாள்: "ஏனுங்க அய்யா, உங்க வீட்டுல நூத்தி நாப்பது கத்தி இருக்குதுன்னு இவரு சொன்னாரு. அதுல ஒண்ணு குடுங்க. ஒரே வெட்டுல காய்த் தலை போகோணும். இருநூறு காய் வெட்டினாலும் கை வலிக்கக் கூடாது. அப்படி ஒண்ணு குடுத்துட்டு, இதை எடுத்துக்குங்க. காசு வேண்டாம்."

காசு வேண்டாம் என்றாள் தம்பி. நான் போய், அதோ தெரிகிறதே, அந்த அணைப் பக்கம் உட்கார்ந்துகொண்டேன். அங்கே பக்கத்தில் ஆளிருந்தால் தள்ளிவிட்டிருப்பேன், அவ்வளவு கோபம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கார் வந்தது. டிரைவர் ஆண்ட்ரூஸ் டிக்கியைத் திறந்து, சிவப்பு வெல்வெட் போட்ட பெட்டியை எடுத்து இந்தப் பெஞ்சின் மேல் வைத்தார். அஞ்சு கத்தி. ராமாத்தா அஞ்சு காயை எடுத்து வரிசையாக வைத்தாள். "நீங்களே வெட்டுங்க" என்றாள்.

"நானா?"

"உங்க கத்திதானுங்க?"

அறுபது வயசு மனுஷன் முழுக்கைச் சட்டையை மடித்து விட்டார். முதல் கத்தி, உடம்பு பூரா தண்ணீர் அலை மாதிரி வரி ஓடுகிறது, பார்க்க அவ்வளவு அழகு. ஓங்கிப் போட்டார். வழுக்கிக்கொண்டு போய்ப் பெஞ்சில் குத்தி நின்றது. காய்க்கு ஒரு கீறல்கூட இல்லை. "காய் சிரிக்குதுங்க" என்றாள் ராமாத்தா.

இரண்டாவது, நான் விற்றது. ஒன்றரை லட்சம், ஜமீன்தார், வெள்ளிப் பிடி. நான் மெதுவாக இரண்டடி பின்னால் தள்ளி நின்றேன். ஏனென்றால் அந்தப் பிடிக்கும் அந்தக் கத்திக்கும் பிறந்ததிலிருந்து சம்பந்தமே கிடையாது. பிடி ஒரு வீட்டில் வாங்கினது, கத்தி ஒரு வீட்டில் வாங்கினது. கல்யாணம் பண்ணி வைத்தது நான், பத்து ரூபாய்ப் பசை போட்டு. உங்களிடம் சொல்வதற்கு என்ன, நீங்கள் பஸ் ஏறிப் போகப் போகிறவர்.

ஓங்கினார். கத்தி காயில் நின்றது. பிடி மட்டும் அவர் கையில் இருந்தது.

 நான் வானத்தைப் பார்த்தேன். ஜெயகோபால் சார் பிடியை மெதுவாகப் பெட்டியில் வைத்தார்.

"தெரியுங்க திருமூர்த்தி. வாங்கும்போதே தெரியும். பிடி வேற, கத்தி வேற. எனக்குக் கத்திதான் வேணும்னு வாங்கினேன்."

ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது எனக்கு. "தெரிஞ்சுமா குறைச்சுக் கேக்காம விட்டீங்க? பித்தலாட்டம்னு தெரிஞ்சும் ஒரு வார்த்தை திட்டாம போனீங்களா? நான் என்ன அவ்வளவு கேவலமான ஆளா?"

அவர் காயில் நின்ற கத்தியைப் பிடுங்கித் துடைத்தார். "உங்க விலை எனக்குக் கட்டுபடியாச்சுங்க" என்றார். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார். ராமாத்தா எதற்கோ முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மூன்றாவது காயைக் கொத்தியது, வெட்டவில்லை. நாலாவதில் முனை மடங்கிவிட்டது. ஆனால் தம்பி, நாலாவது வெட்டில் தண்ணீர் எகிறி அவர் மூக்குக் கண்ணாடியிலெல்லாம் அடித்தது. அவர் சிரித்தார் பாருங்க! ஆண்ட்ரூஸ் சொன்னார், பதினோரு வருஷமாக வண்டி ஓட்டுகிறேன், சார் பல்லை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று.

அஞ்சாவதை அவர் எடுக்கவில்லை. பெட்டியை மூடப் போனார்.

"அதென்னங்க?"

"அது வேண்டாங்கம்மா. அது வெட்டறதுக்கு இல்லை."

"வெட்டறதுக்கு இல்லாத கத்தி எதுக்குங்க பெட்டியில வந்துச்சு?"

"அதை உங்க கத்தியோட சேத்து வெச்சுப் பாக்கலாம்னு எடுத்துட்டு வந்தேன். லண்டன்ல ஏலத்துல எடுத்தது. ஒரு கப்பல் கேப்டன் வெச்சிருந்ததுங்கம்மா."

"கப்பல்காரரு எளநீ குடிக்க மாட்டாரா?"

இவளே எடுத்தாள். அகலமான பட்டைக் கத்தி, பூ வேலைப்பாடு. அதோ கிடக்கிறதே, அதுதான். ஒரு தடவை கையில் தூக்கிப் பார்த்தாள். மணிக்கட்டை இப்படி ஒரு சுழற்று. ஒரு வெட்டு. காய்த் தலை ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது.

"இது" என்றாள்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. அப்புறம் ஆரம்பித்தது பாருங்க! நான் கனவில் கண்ட பேரமெல்லாம் என் கண் எதிரில் நடந்தது, என்னோடு இல்லை, அவ்வளவுதான். மூன்று லட்சம் தர்றேன், இதைத் தவிர எதை வேணும்னாலும் எடுத்துக்குங்க என்றார். வேண்டாங்க என்றாள். மூன்றரை என்றார். காய் வாடுது, நகருங்க என்றாள். பெட்டியை மூடிக்கொண்டு காருக்குப் போனார். போனார் தம்பி! என்னிடம் ஒரு நாள் அப்படிப் போயிருப்பாரா? ராமாத்தா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மட்டையைக் கூட்டினாள். திரும்பி வந்தார். மறுபடி போனார், கதவைச் சாத்தினார், ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுபடி வந்தார். மொத்தம் மூன்று தடவை. கடைசியில் இரண்டு கத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "சரிங்க" என்றார். ஆனால் அந்தச் சரிங்க வேறு மாதிரி. உள்ளேயிருந்து பிடுங்கி எடுத்த சரிங்க.

முடியவில்லை இன்னும். கத்தியைச் சும்மா வாங்கக் கூடாது, உறவு அறுந்து போகும். பேருக்கு ஒரு ரூபாயாவது கொடுக்க வேண்டும். ராமாத்தா சுருக்குப் பையிலிருந்து ஒரு ரூபாய் எடுத்து அவருடைய பெட்டியில் வைத்தாள். அவர் பாக்கெட்டைத் தடவினார். இந்தப் பாக்கெட், அந்தப் பாக்கெட். சில்லறையே கிடையாது.

"ஃபோன்ல ஒரு ரூபா அனுப்பட்டுங்களா அம்மா?"

"காசுன்னா வெச்சா சத்தம் கேக்கோணுங்க."

ஆண்ட்ரூஸ் கொடுத்தார். அந்த ஒரு ரூபாயை வாங்கி, காய்க் குவியல் மேல் அவர் வைத்த பணிவு இருக்கிறதே, என்னிடம் ஒன்றரை லட்சத்தை அப்படி வைத்தது இல்லை.

இப்போது நீங்களே சொல்லுங்க. கையில் வந்த மூன்றரை லட்சத்தை விட்டுவிட்டு, கத்தியைக் கொடுத்துக் கத்தியை வாங்கி வைத்திருக்கிறாள். இதுவா யாவாரம்? ஆண்ட்ரூஸிடம் தனியாகக் கேட்டேன், அந்த லண்டன் கத்தி என்ன விலைக்கு எடுத்ததாம் என்று. அவர் காரைக் காட்டி, "இதுக்கும் அதுக்கும் பெரிசா வித்தியாசம் இல்லீங்க" என்றார். டிரைவர்கள் அப்படித்தான் அளப்பார்கள். பாருங்க, அதில் ஒரு ஓரத்தில் சில்லு பெயர்ந்திருக்கிறது. நான் வெட்டியதில் ஆனது. அவளிடம் சொல்லவில்லை.

ஜெயகோபால் சார் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வந்துவிடுவார். இந்த ஸ்டூலில் உட்கார்ந்து இளநீர் குடிப்பார். அவள் ஒவ்வொரு வெட்டு வெட்டும்போதும் கண்ணை மூடிக்கொள்வார். அப்புறம் திறந்து, "நல்லா வெட்டுதுங்களா?" என்பார். "அதுக்கென்னங்க, வெண்ணெயாட்ட போகுது" என்பாள். கொஞ்சம் சந்தோஷம், கொஞ்சம் துக்கம், இரண்டையும் குடித்துவிட்டுப் போவார். சில நாள் அவரே ஒரு காய் வெட்டுவார். இப்போது மூன்று வெட்டுக்கு வந்துவிட்டார். என்னைவிட ஒன்று குறைவு.

போன மாதம் ஒரு நாள் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லத்தான் இவ்வளவும். ராமாத்தா தன் அக்கா பேத்தி காதுகுத்துக்குப் போய்விட்டாள். நான்தான் கடையில். கார் வந்தது. வழக்கம்போல ஒன்று வெட்டிக் கொடுத்தேன், நாலு வெட்டு. குடித்துவிட்டு, "எவ்வளவுங்க?" என்றார்.

"அம்பது."

கை பாக்கெட்டுக்குள் போனது. பாதியில் நின்றது.

"அம்மா நாப்பத்தஞ்சுக்குத்தானே தர்றாங்க?"

என் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது தம்பி. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

"அவ வெட்டினா ஒரு வெட்டு, நாப்பத்தஞ்சு. நான் நாலு வெட்டு வெட்டறேனுங்க, கூலி வேண்டாமா?"

"நாலு வெட்டுல கால்வாசித் தண்ணி மண்ணுக்குப் போச்சு. நாப்பதுதான் தருவேன்."

"நாப்பதா? மில்லு வெச்சிருக்கற மனுஷன் வாயில வர்ற பேச்சுங்களா இது?"

"இப்படிப் பேசித்தான் மில்லு வெச்சிருக்கேன்."

"அப்படிப்பட்டவரு என்ற கடைக்கு எதுக்குங்க வர்றீங்க? அந்தா, குழாயில தண்ணி வருது, சும்மா குடிக்கலாம்."

"திருமூர்த்தி, உங்க காய் முத்தல். வழுக்கையே இல்லை. நாப்பதே ஜாஸ்தி."

முத்தலாம்! என் காயைப் பார்த்து! எவ்வளவு நாளாச்சு தம்பி, என் சாமானை ஒருத்தன் என் முகத்துக்கு நேராகத் திட்டி! நானும் விட்டேன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விட்டேன். பத்து வருஷமாகச் சேர்த்து வைத்ததெல்லாம் வந்தது. அவர் எழுந்தார். காருக்குப் போனார். நான் கூப்பிடவில்லை, மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கதவு சாத்தின சத்தம் கேட்டது. வண்டி கிளம்பின சத்தம் கேட்டது. போய்விடுவாரோ என்று பயம்தான், ஆனாலும் திரும்பவில்லை. அந்த வளைவு வரைக்கும் போன கார், ரிவர்ஸிலேயே திரும்பி வந்தது. கண்ணாடி இறங்கியது.

"நாப்பத்திரண்டு."

"நாப்பத்தி நாலு."

நாற்பத்து மூன்றில் முடிந்தது. மொத்தம் அரை மணி நேரம், ஏழு ரூபாய்க்கு. அவருக்கு மூச்சு வாங்குகிறது, எனக்கும் வாங்குகிறது. இரண்டு பேரும் எதிர்க் கடையில் டீ குடித்தோம், பக்கத்தில் பக்கத்தில் நின்று. என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல யாவாரம் நான் பண்ணினதே இல்லை.

சாயங்காலம் ராமாத்தா வந்து, எத்தனை காய் வித்துச்சு மாமா என்றாள். ஒண்ணு என்றேன். "காலையில இருந்து ஒண்ணா?" என்றாள். நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அட, ஹாரன் அடிக்கிறார்கள். டயர் மாட்டியாகிவிட்டது போல. போங்க தம்பி, சீட்டுப் போய்விடும். வழுக்கை இருக்கிறது, சுரண்டித் தரட்டுமா? வேண்டாமா? சரி. கட்டம் கட்டமாகப் போட்ட அந்த அட்டையை எதற்கு ஃபோனில் படம் பிடிக்கிறீங்க, அது அவளுடைய பேங்க் கணக்கு...

என்னது? பணம் வந்தால் சொல்கிற பெட்டி என்ன கத்துகிறது? ஐம்பது ரூபாய் வந்துவிட்டதா?

அடப் பாவி! விலையே கேட்காமல் அனுப்பிவிட்டீங்களே! இவ்வளவு நேரம் நான் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன்? பஸ் நிற்கும் தம்பி, நான் சொன்னால் நிற்கும். ஏனுங்க கண்டக்டர், ஒரு நிமிஷம்! நீங்கள் ஏறாதீங்க, ஏறாதீங்க. படியில் நின்றபடியே சொன்னால் போதும். "காய் முத்தல், முப்பதுக்கு மேல தர முடியாது" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்க!